நேர்கோட்டில் ஒரு சின்ன மேடு

எல்லோரும் சுகம்தானே? மூட்டுவலிக்காரர்களுக்கு வலி குறைந்ததா? இருமல்காரர்கள் வெந்நீர் குடிக்கிறீர்களா? சரி, கைவேலையை ஓரமாக வைத்துவிட்டு உட்காருங்கள். ஒரு புருஷன் பெண்டாட்டி கதை சொல்கிறேன். குளிரில் நடந்த கதை, போர்த்திக்கொண்டே கேளுங்கள்.

அவளுக்கு ஒரு குளிர்கிடங்கில் வேலை. பழம், பூ, மீன், மருந்து என்று வெயில் பட்டால் கெட்டுப்போகிற சரக்கெல்லாம் குளிர்லாரியில் அங்கே வந்து இறங்கும். லாரி பின்பக்கமாக வந்து மேடையோடு ஒட்டி நின்றதும் இவள் கதவைத் திறக்கச் சொல்வாள். நீள ஊசி வைத்த வெப்பமானியை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பாள். பெட்டிகளுக்கு நடுவில் செருகுவாள். அளவுக்குள் இருந்தால் சரக்கு உள்ளே போகும். தாண்டியிருந்தால் அழுதாலும் புரண்டாலும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அதனால் டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஊசியக்கா.

"இன்னைக்கு மேடையில யாரு? ஊசியக்காவா? செத்தோம்டா" என்று அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் சிரித்துக்கொண்டே ஊசியைத் துடைப்பாள்.

அவள் புருஷனும் அதே கம்பெனியில்தான் குளிர்லாரி ஓட்டினான். ஆனால் தூரத்து ரூட். ஊர் ஊராக ஏற்றி, ஊர் ஊராக இறக்கி, அவன் வீட்டுக்கு வருவது அமாவாசைக்கு ஒருமுறை, பௌர்ணமிக்கு ஒருமுறை. வந்தாலும் பாதி நேரம் தூக்கம். மீதி நேரம் அம்மாவின் புலம்பலுக்குத் தலையாட்டல். இவள் பங்குக்கு மிஞ்சுவது அழுக்குத் துணியும் ஒரு வேளைச் சாப்பாடும்தான்.

அவர்கள் குடும்பம் நடத்தியதெல்லாம் சாயங்காலப் போனில். வேலை முடிந்து, கனத்த கோட்டைக் கழற்றி, அவள் வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி பனி மூடிக்கொள்ளும். முந்தானையால் அதைத் துடைத்து முடிப்பதற்குள் போன் அடிக்கும்.

"என்ன மேடம், இன்னைக்கு எத்தனை பேரை அழ வெச்சீங்க?"

"ஒருத்தனைத்தான். அவனும் அழல, முனகினான்."

"பாவம், பெத்தவ கேட்டா வயிறு எரிவா. குழாய் இன்னும் சொட்டுதா?"

"சொட்டுது. உங்கம்மா அடியில சொம்ப வெச்சிருக்காங்க. டொக்கு டொக்குன்னு அதுதான் எனக்குத் தாலாட்டு."

இவ்வளவுதான் பேச்சு. பெரிய காவியம் ஒன்றும் இல்லை. ஆனால் அவன் குரல் காதோரம் நின்று பேசுகிற மாதிரித் துல்லியமாக வரும். மூச்சு விடுவதுகூடக் கேட்கும். மற்ற டிரைவர்களின் மனைவிமார், "எங்க வீட்டுக்காரர் மாவு மில்லுக்குள்ள உட்கார்ந்து பேசற மாதிரியே இருக்குது" என்று அலுத்துக்கொள்ளும்போது இவளுக்குக் கொஞ்சம் பெருமை. "எங்க வீட்டுக்காரர் போன் நல்ல போன்" என்பாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஊருக்கே ஊசி போடுகிறவள், தன் வீட்டுக்குப் போடவில்லை பாருங்கள்.

இப்படியிருக்கையில் கம்பெனிக்குத் தடுப்பூசி வண்டி ஒன்று வந்தது. நகரத்துக்குள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் மருந்தைக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிற வண்டி. ஓட்ட ஒரே ஓர் ஆள் போதும். யார் லாரியில் இந்தப் பருவம் முழுக்கக் குளிர் ஏறாமல் இறங்காமல் நின்றதோ, அவருக்கே வேலை என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று போனில் அவள் அதைச் சொன்னாள்.

"தினமும் வீட்டுக்கா?" என்றான்.

"தினமும்."

"அப்போ குழாய நானே சரி பண்ணிடுவேன்."

"குழாய் மட்டுமா? கட்டில் ஆடுது, ஜன்னல் சாத்த மாட்டேங்குது, உங்கம்மாவும் பேச ஆளில்லாம என்னைத் திட்டியே பொழுது போக்கறாங்க. எல்லாத்தையும் சரி பண்ணணும்."

அடுத்த நாளே கடைக்குப் போய் ஒரு டிபன் டப்பா வாங்கினாள். தன்னுடையது ஒன்று இருக்கிறது, இது அவனுக்கு. இரண்டையும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். மாமியார் எட்டிப் பார்த்து, "பிள்ளை வர்றதுக்குள்ள டப்பாவுக்குக் கண்ணு பட்டுடப் போகுது" என்றாள்.

பட்டுத்தான் போயிற்று.

ஒருநாள் சூப்பர்வைசர் அவளைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டார். ஒவ்வொரு லாரியிலும் குளிரைப் பதிகிற கருவி இருக்கும். அது கோடாக வரைந்து காட்டும்.

"ஊசியக்கா, உங்க வீட்டுக்காரர் வண்டியப் பாருங்க. நூல் பிடிச்ச மாதிரிப் போகுது. சாயங்காலம் ஆனா மட்டும் ஒரு மேடு. தினமும். டீ குடிக்கிற நேரத்துல குளிர் மெஷின அணைச்சு வைக்கிறாரா என்ன?"

அவள் குனிந்து பார்த்தாள். வரிசையாகச் சின்னச் சின்ன மேடுகள். அவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. அவர்கள் சண்டை போட்டுப் பாதியில் போனை வைத்த நாளில் மேடு கடுகாக இருந்தது. மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து, வெகுநேரம் பேசிய நாளில் பெரிதாக இருந்தது. பேசியதெல்லாம் காற்றோடு போயிற்று என்றுதானே நினைத்திருந்தாள்? ஒன்றுகூடப் போகவில்லை. கோடாக நின்றது. அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"திராட்சைக்கு இது ஒண்ணும் பண்ணாது. ஆனா தடுப்பூசி…" என்று இழுத்தார் சூப்பர்வைசர்.

"தெரியும் சார். இந்தக் கோட்டோட தடுப்பூசி வந்தா நானே இறக்க விடமாட்டேன்."

"இந்த ஒரு ட்ரிப்பாவது கோடு நேரா வரட்டும். நான் மேல எடுத்துச் சொல்றேன்."

அன்று சாயங்காலம் பிடித்தாளே ஒரு பிடி.

"மெஷின அணைச்சுட்டா என்கிட்ட பேசறீங்க?"

"பின்ன? தலைக்கு மேல அது கத்தும்போது உன் குரல் எப்படிக் கேட்கும்?"

"தள்ளிப் போய்ப் பேச வேண்டியதுதானே?"

"சரக்கு இருக்கிற வண்டிய விட்டுத் தள்ளிப் போகக்கூடாதுன்னு உன் கம்பெனிதானே சொல்லுது?"

"அப்போ எழுதி அனுப்புங்க."

"எழுத்து இருமுமா? சிரிக்குமா? போடி."

மறுநாள் மெஷினை ஓடவிட்டே பேசினான். அடேயப்பா, போனுக்குள் புயல் புகுந்த மாதிரி. இவள் கத்த, அவன் கத்த, "சாப்டீங்களா"வுக்கே தொண்டை கட்டிவிட்டது. மாமியார் வாசலுக்கு வந்து, "சண்டை போடறதா இருந்தா நேர்ல வரட்டும், நானும் சேர்ந்துக்கறேன்" என்றாள். அதற்கடுத்த நாள் அவனுக்குப் பொறுக்கவில்லை. கொஞ்ச நேரம் அணைத்தான். குரல் தெளிவானதுமே இவளுக்குத் தெரிந்துவிட்டது. பேசாமல் போனை வைத்துவிட்டாள்.

இரவெல்லாம் சொட்டுகிற குழாயைக் கேட்டுக்கொண்டே யோசித்தாள். நான் எடுத்தால்தானே அவன் அணைப்பான்? எடுக்காவிட்டால்? ட்ரிப் முடியும்வரை எடுப்பதில்லை என்று முடிவு செய்தாள். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் வாதாடுவான், வாதாடவும் மெஷினை அணைப்பான்.

மறுநாள் சாயங்காலம் போன் அடித்தது. துணி மாற்றும் அறையில், பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியைக்கூடத் துடைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டாள். தினமும் வீட்டுக்கு, தினமும் வீட்டுக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கதவைத் தட்டிக்கொண்டு சூப்பர்வைசர் நின்றார், கையில் அவருடைய போன். "உங்களுக்குத்தான். மனுஷன் பதறிப்போய்க் கிடக்கிறார். உங்க மாமியாரும் எடுக்கலையாம்."

மாமியாரின் போன் எப்போதும்போலத் தலையணைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்திருக்கும்.

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். அவன் மூச்சு கேட்டது. அவ்வளவு துல்லியமாகக் கேட்டது.

"மெஷின் ஓடலையே" என்றாள்.

"அது கெடக்கட்டும். உனக்கு ஒண்ணும் இல்லையே? அம்மாவுக்கு? ஏன் எடுக்கல? எத்தனை தடவ அடிக்கிறது?"

"ஒண்ணும் இல்ல. எல்லாரும் நல்லா இருக்கோம்."

இன்னும் கொஞ்சம் பேசுங்கள் என்று வாய்வரை வந்தது. போனதுதான் போயிற்று, ஒரு நிமிஷம் கூடப் போனால் என்ன? கண்ணை மூடினாள். ஒரே ஒரு மூச்சு கேட்டுக்கொண்டாள்.

"போய் மெஷின போடுங்க" என்றாள். "போட்டுட்டு, போன வைக்காதீங்க."

இரும்பு உறுமிக் கிளம்புகிற சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்குள் அவன் எங்கோ இருந்தான். சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். போனைத் திருப்பிக் கேட்கவில்லை.

தடுப்பூசி வண்டி, எல்லோரும் சாமியார் என்று கூப்பிடுகிற டிரைவருக்குப் போயிற்று. பேச்சே இல்லாத மனுஷன். மனைவி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. அவர் கோட்டில் தூசி அளவு மேடுகூட இல்லை. நியாயமான முடிவுதான். நியாயம் என்று தெரிந்தாலும் நெஞ்சு கேட்கிறதா?

ஒரு சாயங்காலம் அவள் புறப்படும்போது சாமியார் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவியதையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, வேலை முடிஞ்சுதே. வீட்டுக்குப் போகலையா?"

"போய்?" என்றார்.

துணியை வாளியில் முக்கிப் பிழிந்தார். அவரே தொடர்ந்தார். "ஒருதரம் உங்க வீட்டுக்காரர் பக்கத்துல வண்டி போட்டிருந்தேம்மா. அவர் போன்ல சிரிச்சது என் வண்டிக் கண்ணாடியில தெரிஞ்சுது. சத்தம் கேட்கல, என் மெஷின் ஓடுச்சே. அணைச்சு நான் யார்கூடப் பேசப்போறேன்? எல்லாரும் என்னைச் சாமர்த்தியசாலிங்கறாங்க."

பிழிந்த துணியை உதறி, கதவை மறுபடி துடைக்கத் தொடங்கினார்.

அவள் வெளியே வந்தாள். கண்ணாடி பனி மூடியது. போன் அடித்தது. இப்போதெல்லாம் அவன் மெஷினை அணைப்பதில்லை, அவளும் கத்துவதில்லை. அந்த இரைச்சலைக் காதில் வைத்துக்கொண்டே நடப்பாள். லாரிக்குள் போதுமான குளிர் வந்துவிட்டால் மெஷின் தானாகவே குரலைத் தாழ்த்தும், கொஞ்ச நேரத்துக்கு. இத்தனை வருஷம் அந்த வேலையில் இருந்தும் அது இருவருக்கும் தோன்றவில்லை. இப்போது அதற்காகக் காத்திருக்கப் பழகிவிட்டார்கள்.

பஸ் நிறுத்தம் வரும்போது இரைச்சல் தாழ்ந்தது.

"டப்பா இருக்கா?" என்றான்.

"இருக்கு. ஸ்டிக்கர்கூடப் பிரிக்கல."

"பிரிக்காத. நான் வந்து பிரிக்க…"

மெஷின் மறுபடி உறுமியது. பஸ் வந்தது, போயிற்று. அடுத்த தாழ்வு வரட்டும் என்று அவள் நின்றுகொண்டேயிருந்தாள்.

உங்கள் வீட்டிலும் யாராவது தூரத்தில் இருப்பார்களே? போனில் அவர்கள் குரலுக்குப் பின்னால் என்ன சத்தம் கேட்கும்? ரயிலா, கடலா, யாரோ பாத்திரம் கழுவுவதா? எதைக் கேட்டதும் அவர்கள்தான் என்று உங்களுக்குத் தெரியும்? கூச்சப்படாமல் எழுதுங்கள். ஒருவர் விடாமல் எல்லோருடையதையும் படிப்பேன்.