கழுவி வைத்த பீப்பா

சாமான் கொடுக்கிற நிறுவனங்களை எங்கள் அக்கராயனில் எல்லாருக்கும் நன்றாகத் தெரியும். சண்டை முடிந்து ஊர் திரும்பிய நாளிலிருந்து தறப்பாள், மண்வெட்டி, கோழிக்குஞ்சு என்று எத்தனையோ தந்தார்கள். தந்தவர்கள் சில மாதம் கழித்துத் திரும்பவும் வருவார்கள். சாமான் வீட்டில் இருக்கிறதா, விற்றுவிட்டோமா, தங்கள் பெயர் போட்டு ஒட்டிய ஸ்ரிக்கர் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அதனால் கொடுத்த மண்வெட்டியால் ஒருநாளும் கொத்தாமல், எண்ணெய் பூசிச் சுவரில் சாத்தி வைத்த ஆட்கள் இங்கே உண்டு. நானும் அவர்களில் ஒருவன். நான் செய்த காரியத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று காட்டத்தான் இதை முதலில் சொல்லி வைக்கிறேன்.

என் பெயர் கதிர்காமநாதன். கமக்கார அமைப்பின், அதாவது விவசாயிகள் சங்கத்தின் தலைவர். கூட்டம், கடிதம், அரசாங்கக் கந்தோர் என்று திரிகிறவனுக்கு வீட்டுத் தோட்டத்தைப் பார்க்க நேரம் ஏது? அது என் மனைவி இரஞ்சிதத்தின் பொறுப்பு. இருநூறு மிளகாய்க் கன்றுக்கும் கிணற்றில் அள்ளி, வாளியில் சுமந்து ஊற்றுவாள். போன வருடம் வலது தோள் பழுதாகி, இனிப் பாரம் தூக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகு இடது கையால் தூக்கினாள்.

அந்த நேரத்தில்தான் ஒரு நிறுவனம் பத்து வீடுகளுக்குப் பச்சைப் பிளாஸ்ரிக் பீப்பா கொடுத்தது. குசினிக் குப்பையையும் வளவுக் குப்பையையும் அதற்குள் போட்டுக் கூட்டெரு ஆக்க வேண்டும். நாலு மாதத்தில் வந்து பார்ப்பார்கள். திறமான வீட்டுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டர் பரிசு. மோட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் இரஞ்சிதத்தின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் கண்டேன். மிச்சத்தைக் காதில் வாங்கவில்லை.

மரக்கறித் தோல், வாழைச்சருகு, ஆட்டுப் புழுக்கை, வேலிக் கிளிசரியா இலை என்று அவள் அடுக்கடுக்காகப் போட்டாள். நான் குடித்த தேத்தண்ணியின் சாயச் சக்கையைக்கூட விடவில்லை.

"குப்பையைப் பாக்கிற பார்வையிலை பாதி எனக்குக் கிடைச்சால் போதும்," என்றேன் ஒருநாள்.

"நீங்களும் உக்கி எருவாகிப் பிரயோசனப்படுவியள் எண்டால் பாக்கலாம்," என்றாள்.

பார்வையிட வருகிற நாள் வந்தது. வருகிறவர்களுக்குச் சோடாவும் பிஸ்கட்டும் வாங்க இரஞ்சிதம் சைக்கிளில் புறப்பட்டாள். "வளவைக் கொஞ்சம் துப்பரவாக்கி வையுங்கோப்பா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அவளுக்கு மோட்டர் கிடைக்க வேண்டும் என்றுதான் விளக்குமாற்றைத் தூக்கினேன். கூட்டி முடித்துப் பார்த்தால் பீப்பா சாணமும் சேறும் அப்பிக் கிடக்கிறது. ஸ்ரிக்கரைக் காணவே இல்லை. தந்த சாமானை இப்படியா வைத்திருப்பது?

பக்கத்து வீட்டுப் பிரதாபன் வேலியால் எட்டிப் பார்த்தான். அவனுக்குக் கிடைத்த பீப்பாவில் நாலு மாதமாகக் கோழி அடைகிடந்தது.

"அண்ணை, கழுவப் போறியளோ? உள்ளுக்கை கிடக்கிற கறுத்தக் குப்பையை நான் அள்ளிக்கொண்டு போறன். உங்களுக்கேன் சிரமம்?"

எவ்வளவு நல்ல மனம் என்று நினைத்தேன். மண்வெட்டி பிடித்து அள்ளியும் கொடுத்தேன். பிறகு ஆறு வாளி தண்ணீர் அள்ளி, சவர்க்காரம் போட்டு உரஞ்சி, ஸ்ரிக்கரைக் கட்டியிருந்த சாரத்தால் துடைத்தேன். பீப்பா புதுசாக மின்னியது.

இரஞ்சிதம் வந்து, சோடாப் போத்தலும் கையுமாக அப்படியே நின்றாள். அவள் வாய் திறக்கும் முன்னர் வாகனம் வந்துவிட்டது.

அதிகாரி தேனுகா மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். சவர்க்கார வாசம்தான் அடித்தது.

"அக்கா, நீங்கள் இதைப் பாவிக்கவே இல்லைப் போலை?"

நான் அள்ளிக் கொடுத்தது குப்பை அல்ல, கூட்டெரு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நடந்ததைச் சொல்ல ஒரு வசனம் போதும். ஆனால் எங்கள் அமைப்பின் ஆட்கள் ஏழெட்டுப் பேர் வாகனத்தைச் சுற்றி நின்றார்கள். தலைவருக்குக் கூட்டெருவும் குப்பையும் ஒன்றா என்று சிரிப்பார்கள். நான் இருமினேன்.

எல்லாரும் அடுத்த வளவுக்குப் போனோம். பிரதாபன் வீட்டுப் பீப்பாவைத் திறந்ததும் தேனுகா ஒரு பிடி அள்ளி மணந்து பார்த்தார். உதிரியாக, கறுப்பாக, மழை பெய்த மண்ணைப் போல இருந்தது.

"எப்பிடிச் செய்தனீங்கள்?"

"குப்பையைப் போட்டனான் மிஸ்... அது தன்ரை பாட்டிலை வந்திட்டுது."

இரஞ்சிதத்துக்குப் பொறுக்கவில்லை. "தன்ரை பாட்டிலை ஒருநாளும் வராது! காய்ஞ்சது ஒரு அடுக்கு, பச்சை ஒரு அடுக்கு போட வேணும். பதினைஞ்சு நாளுக்கு ஒருக்கால் புரட்ட வேணும். காயவும் விடக்கூடாது, சேறாக்கவும் கூடாது."

தேனுகா வியந்து பார்த்தார். "இவ்வளவு தெரிஞ்ச நீங்கள் ஏனக்கா செய்யேல்லை?"

இரஞ்சிதம் என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"எனக்குத் தோள் ஏலாது மிஸ்," என்றாள்.

பத்து வீட்டையும் பார்த்து முடித்து, மோட்டர் பிரதாபனுக்கு என்று முடிவு செய்தார்கள். அமைப்பின் தலைவர் என்ற முறையில் அதை என் கையாலேயே கொடுக்கச் சொன்னார்கள். இரண்டு வார்த்தை பேசவும் சொன்னார்கள். பிரதாபன் எங்கள் எல்லாருக்கும் முன்மாதிரி என்று பேசினேன். பழகிய வாய், தானாகவே பேசியது. படத்துக்குச் சிரித்தும் விட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் இரஞ்சிதம் நேரே போய் வாளியை எடுத்தாள். நன்றாக ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் போய் வாளியைப் பிடித்தேன்.

"தாரும், நான் ஊத்திறன்."

"விடுங்கோ. உங்களுக்குக் கூட்டம் இருக்குமெல்லே."

மெய்யாகவே ஐந்து மணிக்கு ஒரு கூட்டம் இருந்தது. நான் வாளியை விடவில்லை.

முப்பதாவது கன்றிலேயே தோள் விண்விண் என்று குத்தத் தொடங்கியது. நோகுது என்று சொல்ல வாய் வந்தது. அவளுக்கு முன்னால் அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

"இலையிலை ஊத்தாதேங்கோ, அடியிலை ஊத்துங்கோ," என்றாள். அன்றைக்கு அவள் என்னோடு கதைத்தது அவ்வளவுதான்.

இன்னும் நூற்றெழுபது கன்று இருந்தது.