பால் கரையான்

மலாயாவில், லாயாங் லாயாங் ஊருக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில், 1926ஆம் ஆண்டு, ரப்பர் மரங்கள் நின்றபடியே பட்டுப்போயின. கரையானை ஒழிக்க, மண்மேட்டுப் புற்றுகளுக்குள் பாஷாணப் புகை அடிக்கச் சொன்னார் துரை. புகைப் பம்பு அடித்த தொழிலாளி சவரிமுத்துவுக்கு இரண்டே மாதத்தில் ஓயாத இருமல் வந்துவிட்டது.

அவன் மனைவி அந்தோணியம்மாள் களை எடுக்கும்போது கரையான்களைக் கவனித்தாள். மேட்டுப் புற்றில் இருந்தவற்றுக்குப் பெரிய செந்தலை. அவை சருகையும் காய்ந்த கட்டையையும்தான் அரித்தன. சாகிற மரத்துக்குள் இருந்தவற்றுக்கு மஞ்சள் தலை. சீண்டினால் நெற்றியில் பால்போல ஒரு சொட்டு கசிந்தது. துரை இதைத் தெரிந்துகொண்டால் புகை நின்றுவிடும் என்று நம்பி, இரண்டையும் தனித்தனிப் போத்தலில் அடைத்துத் தோட்டக் கணக்கரான கிராணியிடம் கொடுத்தாள்.

"மேட்டுப்புத்துல உள்ளது பச்சை மரத்தத் தொடாதுங்கய்யா. கொல்றது இந்தப் பால் கரையான்தான்."

போத்தல்கள் சோதனைக்காகக் கோலாலம்பூருக்குப் போயின. ஒரு மாதம் கழித்துக் கிராணி அவளைக் கூப்பிட்டார்.

"நீ சொன்னதுதான் சரியாம். இந்தக் காட்டோட பழைய கரையானாம் அது. காடு வெட்டினப்ப மண்ணுக்குள்ள விட்ட கட்டையெல்லாம் அதோட கூடுதானாம்."

"அப்ப பம்ப நிறுத்திருவாங்களாய்யா?"

"நிறுத்துறதா? தோட்டம் பூரா கட்டை கெடக்குது. இனிமே ரெண்டு வேளையும் அடிக்கணுமாம்."

"அவருக்கு முடியலங்கய்யா. வேற ஆளப் போடுங்க."

"பழகின ஆளு அவன்தான்லா."

மறுநாள் கட்டைகளை அவளே அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. அவள் காட்டிய இடத்திலெல்லாம், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அவன் புகை அடித்தான்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே சவரிமுத்துவை அடக்கம் செய்தார்கள். மூன்றாம் நாள், புதிய பம்புக்காரனுக்குக் கட்டைகளைக் காட்ட அவளைக் கூப்பிட ஆள் வந்தது.