ஃபிரிட்ஜ் கதவில் இருந்த தாள்

எங்கள் மகளுக்கு ஏழு வயதில் சரியாகப் பதினாறு கிலோ. டாக்டரம்மா அவளை இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தார். அதே எண்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மூணு மாசம் பாப்போம். பதினேழரை வரணும். வரலேன்னா வார்டுல சேத்து, மூக்கு வழியா குழாய் விட்டுத்தான் சாப்பாடு குடுக்கணும்."

இதைக் குழந்தையின் முன்னாலேயே சொன்னார். அவள் நாற்காலிக்கு அடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லை என்று நினைத்தோம்.

என் கணவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்த மூன்று மாதத்தைப் பற்றி அவர் இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதி அவரிடம் காட்டியிருக்க வேண்டும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அதிகாலையில் போய் மதியம் மூன்று மணிக்கு வந்துவிடுவார். நான் பழைய இரும்பு வாங்கும் கிடங்கில் எடைமேடை பார்த்தேன். ஞாயிறு காலையும் உண்டு. மற்ற நாள் வீடு வந்து சேர ஏழாகிவிடும். ஆகவே டாக்டரம்மா கெடு வைத்த அன்றே சமையலறை அவர் கைக்குப் போனது. அதற்கு முன்பு அவருக்கு வெந்நீர் வைக்கத் தெரியும், அவ்வளவுதான்.

என் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரும்பு ஏற்றிய லாரி முதலில் மேடையில் ஏறும். எடை எழுதுவேன். உள்ளே போய்க் கொட்டிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்ப ஏறும். அதையும் எழுதுவேன். முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் இரும்பு. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் வரும்போது சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஆளைப் படுக்க வைத்துவிட்டுத் திரும்பும்போது இறக்கிவிடுகிற டிரைவர் உண்டு. தண்ணீர் டிரம்மை நிரப்பிக்கொண்டு வந்து உள்ளே திறந்துவிடுகிறவர் உண்டு. இரும்புக்கு நடுவே கல் உண்டு. பத்தொன்பது வருடம் நான் மனிதர்களின் முகத்தைப் பார்த்ததில்லை, வண்டியின் டயரைத்தான் பார்த்தேன். கேட்டில் நிற்கும் காவலாளித் தம்பி சொல்வான்:

"அக்கா, நீங்க சொர்க்கத்துக்குப் போனாக்கூட வாசல்லயே நின்னு, அங்க இருக்கறவங்களை எடை போட்டுட்டுத்தான் உள்ள போவீங்க."

வீட்டில் இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்குப் பதினொன்று. சாப்பாட்டில் வெங்காயம் கண்ணில் பட்டால் தட்டைத் தள்ளிவிடுவான். அவனுக்கு அப்பா வைத்த பெயர் வெங்காயப் போலீஸ். சின்னவள் குருவி. அவளுக்கு ஒரு பொருள் இன்னொரு பொருளைத் தொடக் கூடாது. சோற்றில் குழம்பு பட்டால் அந்தச் சோறு செத்துப்போனது.

அவர் சமையலை ஒரு பழுது மாதிரிதான் பார்த்தார். எங்கே சிக்குகிறது, எதைக் கழற்றலாம் என்று. ஒரு வாரத்துக்கான வெங்காயத்தையும் தக்காளியையும் கேரட்டையும் ஞாயிறு மாலையில் வேகவைத்து அரைத்து டப்பாக்களில் போட்டுவிடுவார். திங்கள் முட்டை, செவ்வாய் நூடுல்ஸ், புதன் கோழி, வியாழன் உருளைக்கிழங்கு. எந்த நாளும் அரை மணிக்கு மேல் அடுப்பு எரியாது. ஒரே பாத்திரத்தில் சமைத்து, காரம் போடும் முன் குருவிக்கு எடுத்துவிடுவார். அரைத்த விழுது பெரியவனின் நூடுல்ஸில் போய்விடும்.

"முழுப் பூசணிக்காயைத்தான் சோத்துல மறைக்க முடியாது. அரைச்ச வெங்காயத்தை மறைக்கலாம்," என்று என் காதில் சொல்வார்.

குருவிக்கு நாலு பள்ளம் உள்ள எவர்சில்வர் தட்டு வாங்கி வந்தார். சோறு ஒரு பள்ளம், முட்டை ஒரு பள்ளம், வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு ஒன்று, வாழைப்பழம் ஒன்று.

"ஏம்ப்பா இது?" என்று கேட்டாள்.

"லிஃப்ட்ல நாலு பேர் ஏறினா எப்படி நிப்பாங்க? ஒருத்தர்மேல ஒருத்தர் படாம, எங்கயோ பாத்துக்கிட்டு நிப்பாங்கல்ல? அப்படித்தான்."

"முட்டை எந்த மாடிக்குப் போகுது?"

"உன் வயித்துக்கு. தரைத்தளம்."

எதுவும் இரண்டு ஸ்பூனுக்கு மேல் வைக்க மாட்டார். மூன்றாவதை அவளாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் தட்டை எடுத்துவிடுவார், ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நான் கெஞ்சுவேன், மிரட்டுவேன். "நீ போய் உக்காரு," என்று என்னை வெளியே அனுப்புவார். என் சமையலறையிலிருந்து என்னை அனுப்புவது எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் குளியலறை வாசலில் தராசு வைத்து அவளை நிறுத்துவார். எண்ணை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார். நான் வேலையிலிருந்து வந்து பார்ப்பேன். 16.1. 16.2. 16.2. 16.4. ஏறிக்கொண்டே போனது. எண்களுக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கறை வேறு. மெக்கானிக் கை பட்ட தாள் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. குருவியின் பாவாடை நாடா பழைய முடிச்சில்தான் நின்றது. குளிப்பாட்டும்போது முதுகெலும்பை இன்னும் எண்ண முடிந்தது. தாளில் ஏறுகிற எடை உடம்பில் எங்கே ஏறுகிறது?

ஐந்தாவது வாரம் அவளுடைய குளிர் ஜாக்கெட்டைத் துவைக்க எடுத்தேன். இரண்டு பாக்கெட்டின் உள்ளேயும் கறுப்பாக வட்ட வட்டமாகக் கிரீஸ். லிஃப்ட் கிரீஸ் எனக்குத் தெரியும், பன்னிரண்டு வருடமாகத் துவைக்கிறேன். அவரிடம் கேட்கவில்லை. டிரைவரிடம் கேட்டு யாராவது உண்மையைத் தெரிந்துகொள்வார்களா?

ஏழாவது ஞாயிறு. வேலைக்குப் போவதுபோல் கிளம்பி, தெருமுனைவரை போய், பின்பக்கமாகத் திரும்பி வந்தேன். துணி காயப்போடும் இடத்திலிருந்து ஜன்னல் வழியாக உள்ளே தெரியும். சொந்த வீட்டை இப்படி ஒளிந்து பார்ப்பதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றேன்.

குருவி வந்தாள். வாசல் பக்கம் பார்த்தாள். அவருடைய கருவிப் பையின்மேல் திறந்தபடி இருந்த தகர டப்பாவில் கைவிட்டு, பெரிய போல்ட் ஒவ்வொன்றாக எடுத்து ஜாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. ஜாக்கெட் தோளிலிருந்து தொங்கியது.

"குருவி, ஏறலாமா?" என்றபடி அவர் வந்தார்.

"குளிருதுப்பா. ஜாக்கெட்டோட ஏர்றேன்."

"போட்டுக்கோ, போட்டுக்கோ."

சொல்லிவிட்டு அவர் அந்த டப்பாவைப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். உதடு லேசாக அசைந்தது. சிரிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

அவள் ஏறினாள். அவர் குனிந்தார், அவர் முதுகு தராசை மறைத்துவிட்டது. முள் எங்கே நின்றது என்று நான் பார்க்கவில்லை. லாரி ஏறி முள்ளைப் பார்க்காமல் விட்ட நாள் என் வேலையில் ஒன்றுகூட இல்லை.

அவர்கள் வெளியே போனதும் உள்ளே வந்தேன். போல்ட்டெல்லாம் டப்பாவுக்குத் திரும்பியிருந்தது. ஒன்றை எடுத்து மாவு அளக்கும் தராசில் வைத்தேன். நூற்றிருபது கிராம். ஆறுக்கு எழுநூற்றிருபது. தாளில் அன்றைய எண் 16.9. கழித்துப் பார்த்தேன். பதினாறு கிலோ நூற்றெண்பது. ஏழு வாரத்தில் என் பெண் ஏறியது ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம். இன்னும் ஐந்து வாரத்தில் குழாய்.

மதியம் அவர் அடுப்படியில் தனியாக இருந்தபோது போய் நின்றேன்.

"இந்தத் தாள்ல இருக்கறது உண்மையா?"

"உண்மைதான்."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தார். "உண்மைதான்."

"பிள்ளையைக் கிள்ளி விட்டுட்டுத் தொட்டிலை ஆட்டுறது கேள்விப்பட்டிருக்கேன். இப்பதான் பாக்கறேன். எடையில கை வெக்கிற டிரைவருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவன் இரும்புல பண்றான், நீங்க பெத்த பொண்ணுகிட்ட பண்றீங்க."

மேசைமேல் போல்ட்டை வைத்தேன். சட்டென்று தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போட்டார். அவர் பார்வை என்னைத் தாண்டிப் போனது. பிடிபட்டவர்கள் அப்படித்தான் எங்கேயோ பார்ப்பார்கள்.

"புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. அங்க எடை பாரு," என்றார் மெதுவாக.

"பாக்கத்தான் போறேன்."

அன்று மாலை இரண்டு முறை ஏதோ சொல்ல வந்தார். "நீங்க பேச வேண்டாம். மெஷின் பேசட்டும்," என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.

மூன்று நாள் விடுப்பு எடுத்து நானே சமைத்தேன். தட்டு நிறைய வைத்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்து ஊட்டினேன். நாலு பள்ளத் தட்டை மேலே தூக்கி வைத்துவிட்டேன், அதுவும் அவருடைய ஏமாற்று வேலை என்று. உருளைக்கிழங்கு சோற்றில் பட்டது. குருவி வாயைப் பூட்டிக்கொண்டாள். பெரியவன் தன் தட்டிலிருந்து வெங்காயத்தை எடுத்து விளிம்பில் வரிசையாக வைத்தான்.

"அம்மா, அப்பா எப்ப சமைப்பாரு?"

"ஏன், என் சாப்பாட்டுக்கு என்னடா?"

"ஒண்ணுமில்ல. எல்லாம் நல்லாத் தெரியுது," என்றான் வெங்காயத்தைப் பார்த்தபடி.

புதன்கிழமை ஆஸ்பத்திரி வரிசையில் குருவி என் முந்தானையை விடவில்லை. அங்கே எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு வெள்ளை அங்கி கொடுப்பார்கள். அதில் பாக்கெட் கிடையாது. அவள் இடுப்புப் பக்கம் கையால் தடவித் தடவிப் பார்த்ததைக் கண்டு எனக்கு வயிறு எரிந்தது, அவர்மேல்.

இந்த முறை நான் முள்ளைப் பார்த்தேன். கீழே உட்கார்ந்து பார்த்தேன்.

பதினாறு கிலோ எண்ணூறு.

"மறுபடி ஏத்துங்க," என்றேன்.

"அம்மா, மெஷின் சரியாத்தான் இருக்கு," என்றார் டாக்டரம்மா. "நல்லா ஏறியிருக்கா. இப்படியே போனா வார்டெல்லாம் வேண்டாம். வீட்டுல என்ன குடுக்கறீங்க?"

"அப்பா லிஃப்ட் தட்டுல குடுப்பாரு," என்றாள் குருவி.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் என் காதில் கேட்டாள்: "அம்மா, அந்த மெஷின் நிஜமாவே சரியா?" என் வயிற்றில் பிறந்த பிள்ளை, சந்தேகம் வராமல் இருக்குமா?

வீட்டுக்கு வந்து அவளைப் பெரியவனோடு விளையாட அனுப்பிவிட்டுத் தாளின் முன்னால் போய் நின்றேன். அவர் பின்னால் வந்து நின்றார்.

"நீங்க போல்ட்டைக் கழிச்சிட்டுத்தான் எழுதியிருக்கீங்க."

"ஜாக்கெட்டையும்."

கறை என்று நான் விட்ட இடங்களில் பேனாவால் வைத்த புள்ளிகள். ஏழாவது வரியில் ஆறு புள்ளி. அவர் கழித்ததிலிருந்து நான் இன்னொரு முறை கழித்திருந்தேன். வெறும் வண்டியை இரண்டு தடவை கழிக்கிற தப்பு, புதிதாக வேலைக்கு வந்த பெண்கள்கூடச் செய்ய மாட்டார்கள்.

"முதல் வாரமே தெரியுமா?"

"ம். ஒரு நாள் வந்து, 'மூக்குல குழாய் விட்டா வலிக்குமாப்பா'ன்னு கேட்டா. அடுத்த ஞாயித்துக்கிழமை பெரிய ஸ்பானரை உள்ள வெச்சுக்கிட்டு நிக்கறா. கால்ல விழுந்தா விரல் போயிடும். அதான் ஒரே சைஸ் போல்ட்டாப் பாத்து டப்பாவுல போட்டு முன்னாடி வெச்சேன். எண்ணவும் சுலபம்."

"அன்னிக்கு நான் அவ்வளவு பேசினேனே, வாயைத் திறந்து சொல்லக்கூடாதா?"

"உனக்குப் பின்னாடி கதவுகிட்ட அவ நின்னுட்டிருந்தா."

"சரி. அதுக்கு முன்னாடி? ஆறு வாரம் இருந்துச்சே?"

"உனக்குத் தெரிஞ்சா நீ அவ பாக்கெட்டைத் தடவாம இருப்பியா?"

இருந்திருக்க மாட்டேன். அவர் அலமாரியிலிருந்து நாலு பள்ளத் தட்டை இறக்கினார். ஞாயிற்றுக்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் நடுவே குறைந்த அந்த நூறு கிராம் என் சமையல். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு புள்ளி நாலானது. பிறகு மூன்று, இரண்டு, ஒன்று. பன்னிரண்டாவது வாரம் அவள் ஜாக்கெட் இல்லாமல் ஏறினாள். 17.6.

போன மாதம் குருவி வந்திருந்தாள். அவளுக்கே இப்போது ஒரு பிள்ளை, அதுவும் சாப்பிடுவதில்லை. இரண்டு பேரும் அவருடைய கருவிப் பையைப் பிரித்து ஒழுங்குபடுத்தினோம். அந்தத் தகர டப்பா வந்தது. அவள் ஆறு போல்ட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன், திட்டக் கூடாது. சின்ன வயசுல அப்பாவை ஏமாத்தியிருக்கேன்." முழுவதும் சொன்னாள். "ஒவ்வொரு வாரமும் தாள்ல எழுதிட்டு எவ்வளவு சந்தோஷமா நிப்பாரு தெரியுமா? பாவம், கடைசி வரைக்கும் தெரியாமயே போயிட்டாரு. எத்தனை தடவை வாய் வரைக்கும் வந்துச்சு."

இத்தனை வருடம் இதைச் சுமந்திருக்கிறாள். நான் எழுந்து போய், என் பீரோவில் துணிக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன்.

"ஐயோ, இன்னும் வெச்சிருக்கியா? இது என்ன பக்கத்துல, எண்ணெய்க் கறையா?"

"எண்ணிப் பாரு."

அவள் விரலை வைத்துக் கீழிருந்து மேலே எண்ணிக்கொண்டே போனாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஆறில் கொஞ்சம் நின்று என்னைப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள். முதல் வரியில் புள்ளி இல்லை. நீளமாக ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது. விரல் அதன்மேல் வந்து நின்றது.

"ஸ்பானர்," என்றாள்.