கத்தரினாவின் சிலுவை

அன்று காலை ஹசிந்தா அக்கா என் கூந்தலில் பட்டுநாடாவைச் சுற்றிக் குஞ்சத்தை ஓரமாகத் தொங்கவிட்டாள். "ஆடாம இருடி. உனக்குக் கட்டுறதுக்குக் கழுதைக்குக் கட்டிடலாம்" என்றாள். மதியத்துக்குள் ராணுவம் எங்கள் ஊரான நெபாஹுக்குள் வந்துவிட்டது. மலைக்கு ஓடியபோது, மூடுபனியில் அவள் கை நழுவியது.

போர் ஓய்ந்து, கொல்லப்பட்டவர்களின் புதைகுழிகளைத் தோண்டத் தொடங்கியதும் ஒவ்வொன்றுக்கும் போனேன். எலும்பைப் பார்க்கமாட்டேன்; துணியைத்தான் பார்ப்பேன். எங்கள் ஊர்ப் பெண்கள் நெய்து அணியும் விப்பில் சட்டையில் சிவப்பு, கட்டங்களுக்குள் பறவைகள். கோட்ஸால் ஊரின் பச்சையும் நீலமும் தெரிந்தால் நம்மவள் இல்லை என்று நகர்ந்துவிடுவேன்.

ஒரு குழியில் அக்கா நெய்த விப்பில் கிடைத்தது. அவள் பறவைகளுக்குக் கழுத்து எப்போதும் குட்டை. ஆனால் சோதனையில் அந்த எலும்பு என் ரத்தத்தோடு சேரவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மலையில் அவளோடு இருந்த தோமாசா பிறகு விவரம் சொன்னாள். அந்த வாரம் சிப்பாய்கள் நெபாஹ் துணி உடுத்தியவர்களைத் தேடிப் பிடித்தார்களாம். காய்ச்சலில் இறந்த கோட்ஸால்காரி கத்தரினாவின் விப்பிலை அக்கா போட்டுக்கொண்டாள். வெற்றுடம்பாய்ப் புதைக்கக் கூடாதென்று தன்னுடையதை அவளுக்கு உடுத்திவிட்டுப் பாதையில் இறங்கினாள். அப்புறம் யாரும் அவளைப் பார்க்கவில்லை.

கோட்ஸாலில் கத்தரினாவின் அண்ணன் கஸ்பாரைக் கண்டுபிடித்தேன். பாதையோரக் குழியில் கிடைத்த எலும்பை, துணியை வைத்துத் தங்கை என்று அடையாளம் கண்டு, எப்போதோ அடக்கம் செய்திருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு வெகுநேரம் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"உங்க அக்காவுக்கு முன்பல்லு உடைஞ்சிருக்குமா?"

சோளம் அரைக்கும் கல்லில் விழுந்து உடைத்துக்கொண்டது. தலையசைத்தேன்.

"எங்க கத்தரினாவுக்குப் பல்லெல்லாம் நல்லா இருக்கும். பாத்துட்டுத்தான் பேசாம இருந்தேன். அம்மா அந்தத் துணியை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு."

அக்காவுக்கு அவள் பெயரும் எங்கள் ஊர் மண்ணும் வேண்டும் என்றேன். மறுக்கவில்லை அவர். குழி தோண்டியவர்களிடமிருந்து தங்கையின் எலும்பை வாங்கிவந்து, அம்மாவுக்குத் தெரியாமல் அக்காவின் பக்கத்திலேயே வைத்துவிடுவதாகச் சொன்னார்.

"அம்மா ஞாயித்துக்கிழமை தவறாம கல்லறைக்கு வந்து ஊர்க்கதையெல்லாம் பேசும். அம்மா உசுரோட இருக்கிற வரைக்கும் பொறுத்துக்குங்க தங்கச்சி."

"என் அக்காகிட்டயா பேசுது?"

"ஆமா. சண்டையும் போடும்."

சரி என்றேன்.

அந்த அம்மா இன்னும் இருக்கிறாள். சிலுவையில் கத்தரினா என்றுதான் எழுதியிருக்கிறது.