ஏழு நாள் முந்தி வந்த அழுகை

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி 'கத்திரி' என்றே பேர் வாங்கியவரின் வீட்டில், அந்த வருஷம் சத்தங்கள் ஆட்களுக்கு முன்னால் வரத் தொடங்கின. பதினெட்டு வருஷமாக அவர் செய்த வித்தைதான் வீட்டுக்குள் புகுந்துகொண்டது என்று தெருவே சொன்னது. ஒரு காட்சி முடியுமுன்பே அடுத்த காட்சியின் சத்தத்தை அதன் வாலில் நுழைத்துவிடுவார். "காது முதல்ல போயிடணும், கண்ணு பின்னால வரும். வெட்டுன இடம் பெத்தவளுக்கே தெரியாது" என்பார். முதலில் நாலு நொடிதான். தபால்காரரின் இருமல் தனியாக வந்து கதவருகே நிற்கும். பிறகு தபால்காரர் வந்து அதையே மறுபடி இருமுவார். மழைக்காலம் முடிவதற்குள் இடைவெளி நீண்டு நீண்டு சரியாக ஏழு நாளில் வந்து நின்றது. மாமியாரின் குறைகள் ஒரு வாரம் முன்பே வந்துவிட்டதால், கத்திரியின் மனைவி பதில்களை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தாள். அந்தத் தெருவில் அவளை வாயால் ஜெயித்தவர் யாருமில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றே கால். மனைவி கடைக்குப் போயிருந்தாள். ஆளில்லாத கூடத்தில் ஒரு தம்ளர் விழுந்து உருண்டது. பின் அவள் குரல்: "என்னங்க... கண்ணத் தொறங்க! ஐயோ, யாராவது வாங்களேன்!" அழுகை மட்டும் நடுக்கூடத்தில் நின்று அழுதது. கடைசியில் சட்டென்று ஒரு தட்டல். படப்பிடிப்பில் தட்டும் கட்டை, தன் காட்சி முடிந்தது என்று நினைத்தார் கத்திரி. அதற்குப் பின் ஒரே அமைதி.

மறுநாளே டாக்டரிடம் ஓடினார். டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்து, "உங்களுக்கென்ன சார், கல்லு மாதிரி இருக்கீங்க" என்றார். நோயே இல்லாமல் வரும் சாவுக்கு மருந்து கேட்க வழியில்லாமல் கத்திரி வீடு திரும்பினார். வந்துவிட்ட சத்தத்தை நறுக்கி எறிய வழியில்லை. ஆனால் தொழிலில் ஒன்று தெரியும்: சத்தத்துக்குத் தன் படம் எதுவென்று தெரியாது, எந்தப் படத்தோடு சேர்க்கிறோமோ அதோடு ஒட்டிக்கொள்ளும். தானே ஒரு படத்தைக் கொடுத்துவிட்டால்? மனைவியிடம் சொன்னால் நடிப்பாள், அழுகை பொருந்தாது. அவளை நிஜமாகவே அழவைக்க வேண்டும். சாவுபயத்தைவிட அதுதான் அவரைப் பிடுங்கித் தின்றது.

அடுத்த செவ்வாய், பதினொன்று பதினாலுக்கு, கூடத்தில் மல்லாந்து விழுந்து மூச்சை அடக்கினார். டீ கொண்டுவந்த மனைவியின் கையிலிருந்து தம்ளர் விழுந்தது. ஒரு சொல் பிசகாமல் அழுகை வந்தது. சூடான சொட்டுகள் நெற்றியில் விழுந்தன. சத்தமில்லாதவை என்பதால் அவற்றை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. தாங்காமல் கண்ணைத் திறந்து அசடு வழியச் சிரித்தார்.

கன்னத்தில் அறை விழுந்தது. அதே தட்டல்.

அதற்குப் பின் அவள் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அந்த மௌனமும் ஏழு நாள் முந்தியே வீட்டுக்கு வந்திருந்தது. அதைத்தான் அவர் சாவு என்று நினைத்திருந்தார்.

பிறகு ஒரு காலை, ஆளில்லாத கூடத்தில், "டீ வேணுமா?" என்று கேட்டது அவள் குரல். கத்திரி தன் தம்ளரைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, ஏழு நாள் காத்திருந்தார்.