பச்சை மணி கட்டிய பை

முதல் அடி கண்ணாடி அலமாரியில் விழுந்தது. இரண்டாவது அடியில் இருமல் மருந்துப் புட்டிகள் வரிசையாக உடைந்து, பழுப்பு நிறப் பாகு தரையெங்கும் வழிந்தது. நெவேனா தன் மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் குனிந்து தலைமேல் கைகளை வைத்துக்கொண்டாள். சட்டைக் கழுத்துக்குள் கண்ணாடித் தூள் இறங்கிச் சுரீரென்றது.

“பையெல்லாம் எங்கே? பள்ளிக்கூடத்துப் பசங்ககிட்ட வாங்கின பை!”

கத்தியவன் ஸ்டொய்கோ. டான்யூப் கரையோரச் சாலையில் டயர் பட்டறை வைத்திருப்பவன். லாரிச் சக்கரம் கழற்றும் ஸ்பேனரைக் கையில் பிடித்திருந்தான். போன மாதம் இதே இடத்தில் நின்று முதுகுவலிக்குக் களிம்பு வாங்கி, “நீங்க நல்லா இருக்கணும் அக்கா” என்று வாழ்த்திவிட்டுப் போனவன்தான்.

“ஸ்டொய்கோ, அதைக் கீழே போடு. பேசிக்கலாம்.”

“பேசறதுக்கா வந்திருக்கேன்? எந்திரிடி!”

பின்கட்டில் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. அடுத்து சாவி திரும்பும் சத்தம். உதவிக்கு இருக்கும் பிஸெர்கா ஓடிவிட்டாள். ஓடினவள் பதற்றத்தில் வெளியிலிருந்து பூட்டிக்கொண்டும் போய்விட்டாள். அடிப் பாவி, புலியோடு என்னையும் சேர்த்தா அடைத்துவிட்டுப் போவாய் என்று நெவேனாவுக்கு வயிறு எரிந்தது.

அந்தப் பைகள் அவளுடைய யோசனைதான். இரண்டு வாரத்துக்கு முன்னால், கடையில் கூட்டமில்லாத ஒரு மதியம், சூடான பனித்ஸா அப்பத்தைப் பிய்த்துத் தின்றபடி அவளும் பிஸெர்காவும் திட்டம் போட்டார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் போவது. எது மிட்டாய், எது மாத்திரை என்று பிரிக்கச் சொல்லி ஒரு விளையாட்டு. கரடி பொம்மைக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொடுப்பது. கடைசியாக, வீட்டில் மூலை முடுக்கெல்லாம் கிடக்கும் பழைய மருந்துகளைப் பிள்ளைகள் ஒரு பையில் போட்டுக் கொண்டு வருவது. பை நிறையக் கொண்டு வருகிற பிள்ளைக்குக் கரடி.

“பையில பேர் எழுதச் சொல்லிடலாம்க்கா,” என்றாள் பிஸெர்கா.

“பேர் கூடவே கூடாது. யார் வீட்டுல தூக்க மாத்திரை, யார் வீட்டுல நரம்பு மாத்திரைன்னு டீச்சருங்க காபி குடிச்சிக்கிட்டே பேசுவாங்க.”

“அப்ப கரடியை யாருக்குக் குடுப்பீங்க? பையை மோந்து பாத்துக் கண்டுபிடிப்பீங்களா?”

அதற்கும் நெவேனாதான் வழி சொன்னாள். மார்ச் முதல் தேதி பிறக்கப் போகிறது. ஊரே ஒருவர் கையில் ஒருவர் சிவப்பும் வெள்ளையுமாகத் திரித்த நூலைக் கட்டிவிடும். வசந்தத்தின் முதல் நாரை கண்ணில் படும்வரை யாரும் அதைக் கழற்ற மாட்டார்கள். பிள்ளைகள் எப்படியும் வகுப்பில் உட்கார்ந்து நூல் திரிப்பார்கள். ஆளுக்கொரு கண்ணாடி மணியைக் கோத்து, அதில் தங்களுக்குப் பிடித்ததை வரைந்து, அந்த நூலாலேயே பையைக் கட்டட்டும். யாருடைய மணி எது என்பது அந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

அப்போது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

ஸ்டொய்கோ கவுண்டரைத் தாண்டி வந்து அவள் முடியைப் பிடித்துத் தூக்கினான். பைகளைப் போட்டு வைத்திருந்த இரண்டு அட்டைப் பெட்டிகளையும் தானே கண்டுபிடித்துக் காலால் எத்திக் கவிழ்த்தான். பைகள் சிதறின. ஒவ்வொன்றாகக் கிழித்து உதறினான். காய்ந்துபோன களிம்புகள், ஆறு வருடத்துக்கு முந்தைய காய்ச்சல் மருந்து, யாரோ கிழவரின் காதுச் சொட்டு மருந்து. பிறகு ஒரு பையிலிருந்து கனமான கோக்கோ டப்பா விழுந்தது. அதைத் திறந்தான். உள்ளே நெருக்கி அடுக்கிய மாத்திரை அட்டைகள். வலிக்கு என்று பெயர், ஆனால் ஊர்ப் பையன்கள் வாங்குவது வலிக்காக அல்ல, போதைக்காக.

டப்பாவை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அவன் மூச்சு கொஞ்சம் அடங்கியது.

“எந்தப் பிசாசு இதைக் கொண்டுவந்து குடுத்தது?”

“எனக்கு எப்படித் தெரியும்? பேர் எழுத வேண்டாம்னு நான்தான் சொன்னேன்.”

“என் பையனா இருந்தா ரெண்டு அறையோட போயிடும், என் ரத்தம். அந்தக் குட்டிச் சனியன் எடுத்திருந்தா…” ஸ்பேனரைக் கவுண்டரில் ஓங்கி இறக்கினான். பலகை பிளந்தது. “அவ எனக்குப் பொறந்தவ இல்ல. முட்டியை ஒடைச்சு ஆத்துல போட்டுடுவேன்.”

தெயா. அவன் மனைவி முதல் திருமணத்தில் பெற்ற பெண். ஒன்பது வயது. மிட்டாய் விளையாட்டில் மாத்திரையை எல்லாம் சரியாகப் பிரித்துவிட்டு, மிட்டாயைக் கேட்காமல் போனவள்.

அவன் ஸ்பேனரை மறுபடி ஓங்கியபோதுதான் நெவேனா அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். சிவப்பு வெள்ளை நூல். அதில் ஒரு பச்சை மணி. மணியின் மேல் வெள்ளைச் சாயத்தில் கோணலாக ஒரு கண். வீட்டில் எல்லோருக்கும் கட்டிவிட்டிருக்கிறாள் பெண். இப்படிப்பட்டவனும் நாரை வரும்வரை அதைக் கழற்றாமல் திரிகிறான்.

டப்பா இருந்த பை அவன் காலடியில் கிடந்தது. அதன் வாயில் அதே நூல், அதே பச்சை மணி, அதே கோணல் கண்.

அவன் இன்னும் குனியவில்லை. குனிந்தால் முடிந்தது.

நெவேனா காலில் பலமில்லாதவள் போல் பையின் மேல் சரிந்து விழுந்தாள். உள்ளங்கையைக் கண்ணாடிச் சில்லு கிழித்தது. நூலை இழுத்துப் பார்த்தாள், முடிச்சு அவிழவில்லை. வாயைத் தரையோடு வைத்து நூலைப் பல்லால் அறுத்தாள். அதே நொடியில் அவன் பூட்ஸ் கால் அவள் தாடையில் இறங்கியது. வாய்க்குள் ஏதோ முறிந்தது.

“என்னடி மெல்லுற?”

“பல்லு,” என்றாள். “நீ ஒடைச்சது.”

ரத்தத்தோடு மணியையும் நூலையும் சேர்த்து விழுங்கினாள். தொண்டையில் நின்று, பிறகு இறங்கியது.

“சொல்ல மாட்டே, இல்ல? சரி, வீட்டுக்குப் போறேன். ரெண்டையும் கீழே போட்டு மிதிச்சா தானா வாயத் திறக்கும்.”

அவன் வாசலை நோக்கி நடந்தான்.

இவ்வளவு அடி வாங்கியதும் வீண்தானா? தெருமுனை திரும்பினால் அவன் வீடு. பிஸெர்கா கூப்பிட்டிருந்தாலும் போலீஸ் ஜீப் எங்கேயோ இருந்து வர வேண்டும். பின்கதவு பூட்டியிருக்கிறது, பிஸெர்காவின் புண்ணியத்தில். முன்கதவு ஒன்றுதான் வழி. நெவேனா கவுண்டரைப் பிடித்து எழுந்து, சுவரில் இருந்த மின்சார ஷட்டரின் சாவியைத் திருப்பினாள். பிறகு அந்தச் சாவியைத் துவாரத்துக்குள்ளேயே பக்கவாட்டில் அழுத்தி ஒடித்தாள்.

வெளியே இரும்பு ஷட்டர் முனகிக்கொண்டு இறங்கத் தொடங்கியது. அவன் ஓடினான். இருமல் பாகில் கால் வழுக்கி மல்லாக்க விழுந்தான், டப்பா நெஞ்சில் இருந்தபடியே. எழுந்து கதவைத் திறந்தபோது ஷட்டர் முழங்காலுக்கு வந்திருந்தது. கீழே ஸ்பேனரைச் செருகிப் பார்த்தான். ஷட்டர் அதைத் தரையோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது.

“தொற! தொறடி!”

“சாவி இல்ல,” என்றாள் நெவேனா. “இனிமே நீயும் நானும்தான்.”

அதன்பின் நடந்ததை அவள் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. ஸ்பேனர் ஷட்டரில் சிக்கிக்கொண்டதால் அவனிடம் கையும் காலும்தான் மிச்சமிருந்தன. அவை போதுமானவையாகவே இருந்தன. இடது கை ஒடிந்தபோது அவளுக்குக் கேட்ட சத்தம், குளிரில் காய்ந்த சுள்ளியை முறிப்பது போலிருந்தது. ஒவ்வொரு உதைக்கும் ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டாள்: இந்த உதை இங்கே விழுந்துவிட்டது. அங்கே விழாது.

ஷட்டரை வெட்டும் இயந்திரம் அலறி, தீப்பொறி கடைக்குள் தெறித்தபோது, ஸ்டொய்கோ மூலையில் உட்கார்ந்திருந்தான். டப்பா மடியில் இருந்தது.

“இது இவ கடையில இருந்தது சார்! பசங்க பையில வந்தது, இவளையே கேளுங்க!”

இன்ஸ்பெக்டர் நெவேனாவின் பக்கத்தில் மண்டியிட்டார். “உண்மையா அம்மா? எந்தப் பிள்ளை கொண்டுவந்தது?”

“எந்தப் பிள்ளையும் இல்ல.” வீங்கிய உதட்டோடு ஒவ்வொரு சொல்லாகத் தள்ளினாள். “அவனே கையில எடுத்துட்டு வந்தான். என்கிட்ட விக்கப் பாத்தான். முடியாதுன்னேன்.”

போலீஸோடு திரும்பி வந்திருந்த பிஸெர்காவை இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். அவன் ஸ்பேனரோடு மட்டும் நுழைந்ததைப் பார்த்தவள் அவள். தரையில் கிடந்த காலிப் பையைப் பார்த்தாள், நெவேனாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். அந்த ஊரில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம்.

“கையிலதான் சார் இருந்தது. நானே பாத்தேன்.”

மார்ச் கடைசியில் நாரைகள் வந்து பள்ளிக்கூடப் புகைபோக்கியில் கூடு கட்டின. ஊர் நூலைக் கழற்றிப் பூத்த மரங்களில் கட்டியது. ஸ்டொய்கோ சிறையில் இருந்தான். நெவேனா இடது கையில் மாவுக்கட்டோடு கடையைத் திறந்தாள். அடுத்த பள்ளிக்குப் போட்டிருந்த திட்டத் தாளில் மணி, நூல் என்றிருந்த வரியைப் பட்டையாகக் கோடு போட்டு அடித்தாள்.

அன்று பள்ளி விட்டதும் தெயா வந்தாள். கவுண்டரில் மோவாயை வைத்துக்கொண்டு, மேல் தட்டிலிருந்த கரடியையே பார்த்தாள்.

“என் பைதான் ரொம்பக் கனமா இருந்துச்சு அத்தை. நானே தூக்க முடியாம தூக்கிட்டு வந்தேன். கரடி எனக்குத்தானே?”

பிஸெர்கா சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

“எது யாரோட பைன்னே தெரியல கண்ணு. கடை ஒடைஞ்சப்ப நூலெல்லாம் அறுந்து போச்சு. அதான் கரடியை உங்க வகுப்புக்கே பொதுவாக் குடுத்துடலாம்னு இருக்கோம்.”

“பொய்! என்னுது அறுந்திருக்காது. நான் ரெண்டு முடிச்சு போட்டேன்.”

நெவேனாவின் நாக்கு, பல் போன இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

“நீங்க ஏமாத்தறீங்க,” என்றாள் தெயா. கண் நிறைந்துவிட்டது. புதிதாகப் போட்ட கண்ணாடி அதிரும்படி கதவை அறைந்து சாத்திவிட்டு, முட்டி இரண்டும் தாவத் தாவத் தெருவில் ஓடினாள்.