வாயின் இடது ஓரம்

"உள்பக்கம் ஒரு தையல் போதும்மா, வெளியே தெரியாது," என்றார் உடலை அலங்கரிக்க வந்தவர். பெட்டியில் கிடந்த அம்மாவின் உதடுகளை இரண்டு விரலால் நேராக்கிக் காட்டினார். விரலை எடுத்ததும் வலது ஓரம் பழையபடி தொங்கிப்போயிற்று.

"வேண்டாம்," என்றாள் மகள். அம்மாவின் நீச்சல்குளத்து ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றி, கழுத்தில் மாட்டியிருந்த விசிலை வெளியே எடுத்துவிட்டாள்.

அம்மாவின் அண்ணனான மாமா பெட்டியின் தலைமாட்டில் ஒரு பழைய படத்தைச் சாய்த்து வைத்தார். நீச்சல்குளத்தின் கரையில் நிற்கும் தங்கை, வாய் நேராக. "எல்லாரும் அவளை இப்படித்தான் பார்க்கணும். வாசல்ல ஆள் வந்தாச்சு. அடம் பிடிக்காதே."

அடம் பிடிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீச்சல் டீச்சர் பெற்ற பெண்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த புதிதில் ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், கெட்ட கொழுப்பைக் குறைக்கச் சொன்னார். கூடவே, "நல்ல கொழுப்பும் ரொம்பக் கம்மியா இருக்கு. இப்படி இருக்கறவங்களுக்கு டிப்ரெஷன் வர வாய்ப்பு கூடுதல்னு சில ஆய்வுல சொல்றாங்க. நிச்சயமா சொல்ல முடியாது. ஆனா மனசையும் கவனிங்க," என்றார்.

மாமா முதல் பாதியை மட்டும்தான் காதில் வாங்கினார். வீட்டில் வெண்ணெய் கடத்தல் பொருளானது. கெட்ட கொழுப்பு இறங்கியதும் தானே பரீட்சை எழுதித் தேறியதுபோல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலை சீவவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை.

"எல்லாம் சோம்பல்," என்றார் மாமா. மறுபடி காட்டியபோது டாக்டர் மனச்சோர்வுக்குக் கொடுத்த மாத்திரையை அலமாரி உச்சியில் போட்டார். "நம்ம வீட்டுல யாரும் பைத்தியம் இல்லை."

மகள் நாற்காலி போட்டு ஏறி எடுத்தாள். அவர் கண்ணெதிரிலேயே அம்மாவுக்குக் கொடுத்தாள். மாமா சில நாள் பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அம்மா விசிலைக் கேட்டாள். முதலில் எச்சிலும் காற்றும்தான் வந்தன. பிறகு இடது ஓரத்துப் பல்லால் கடித்துப் பிடித்து ஊதினாள். தெருவே எட்டிப் பார்த்தது. அதற்கப்புறம் மாமா டீ கொண்டுவரத் தாமதித்தால் விசில்தான். அவர் பதறி ஓடிவருவதைப் பார்த்து அந்த ஒரு பக்க வாயால் சிரிப்பாள். நேற்று மதியம் பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தது. இந்தத் தடவை விடவில்லை.

"நேரா இருந்த வாயால சிரிக்கறது பெரிசில்லை மாமா," என்றாள் மகள். அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது. "இந்த வாயால சிரிக்க அம்மா எவ்வளவு பாடுபட்டாங்க. இதைத் தைக்க விடமாட்டேன்."

"கேக்கறவங்ககிட்ட என்னத்தைச் சொல்றது?"

"பக்கவாதம் வந்துச்சு, டிப்ரெஷன் இருந்துச்சு, மாத்திரை சாப்பிட்டாங்க, தேறி வந்தாங்கன்னு சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்றேன்."

அலங்கரிக்க வந்தவர் ஊசியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அவள் போய்க் கதவைத் திறந்தாள்.

முதலில் வந்தவள் அம்மாவின் பழைய மாணவி, இப்போது அதே குளத்தில் சொல்லிக்கொடுப்பவள். வகுப்பிலிருந்து நேரே வந்திருந்தாள். தலையில் ஈரம் காயவில்லை. பெட்டியருகில் நின்று அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு சுத்து போடுன்னு சொல்லப்போற மாதிரியே இருக்காங்க," என்றாள்.

மாமா மூக்கை உறிஞ்சினார். தலைமாட்டிலிருந்த படத்தை எடுத்துச் சுவரோரம் திருப்பி வைத்தார். திரும்பி வந்து, தங்கையின் ஜாக்கெட்டின் மேல் நடுவில் கிடந்த விசிலை இடப்பக்கமாக நகர்த்தினார்.